லண்டனிலிருந்து டோக்கியோ எத்தனை கிலோமீட்டர்? வான்வழித் தூரத்தைச் சரியாகக் கணக்கிடும் முறை

லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் இடையே விமான தூரம் எவ்வளவு என்று தேடினால் ஓரிடத்தில் 9,560 என்று வரும், இன்னோரிடத்தில் 9,590 என்று வரும். வேறெங்காவது 5,175 என்று இருக்கும், அது என்ன அலகு என்ற குறிப்பே இருக்காது. இவற்றில் எதுவும் தவறில்லை. முதலாவது நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு. இரண்டாவது ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து ஹனேடா விமான நிலையத்துக்கு. மூன்றாவது அதே ஹீத்ரோ–ஹனேடா தூரம்தான், கடல் மைலில் சொன்னது. இதற்கெல்லாம் மேலே, இன்று அந்த வழியில் போகும் பெரும்பாலான விமானங்கள் இந்த எண்களைவிடப் பல நூறு கிலோமீட்டர், சில சமயம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கூடுதலாகப் பறக்கின்றன.

ஆகவே கணக்குக்கு முன்பே எந்தத் தூரம் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். மூன்று வகை உண்டு. பூமியின் மேற்பரப்பை ஒட்டி இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரம், அதாவது பெருவட்டத் தூரம். விமானம் உண்மையில் பறந்த தூரம். டிக்கெட், இழப்பீடு, கரிம உமிழ்வுக் கணக்கு போன்றவற்றுக்காக விதிப்படி எடுத்துக்கொள்ளும் தூரம். முதலாவதைத் துல்லியமாகப் போடத் தெரிந்துவிட்டால் மற்ற இரண்டையும் அதிலிருந்தே வரவழைக்கலாம். அதனால் இங்கே அதிக இடம் முதலாவதுக்குத்தான்.

நகரமா, விமான நிலையமா?

நகரத்தின் பெயரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், விமான நிலையத்தை வையுங்கள். டோக்கியோவுக்கு ஹனேடா, நரிடா என்று இரண்டு நிலையங்கள். இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 60 கி.மீ. லண்டனைச் சுற்றி ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், லண்டன் சிட்டி என்று வரிசையாக உண்டு. டிக்கெட்டில் டி.ஒய்.ஓ, எல்.ஓ.என், என்.ஒய்.சி என்று மூன்றெழுத்து இருந்தால் அது நகரக் குறியீடு, நிலையக் குறியீடு அல்ல. ஹனேடாவுக்கு எச்.என்.டி, ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர், நியூயார்க் கென்னடி நிலையத்துக்கு ஜே.எஃப்.கே. இந்த நிலையக் குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் குறியீடு இல்லாமல் தப்பிக்கவே முடியாது. ஆஸ்திரேலிய சிட்னி எஸ்.ஒய்.டி, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள சிட்னி ஒய்.க்யூ.ஒய். கலிபோர்னியாவின் சான் ஹோசே எஸ்.ஜே.சி, கோஸ்டா ரிகாவின் சான் ஹோசே எஸ்.ஜே.ஓ. பெயரை மட்டும் கொடுத்தால் தேடுபொறி எந்த ஊரை எடுத்தது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும், விடை மட்டும் அழகாக வந்து நிற்கும்.

அட்சரேகை, தீர்க்கரேகை: பாதித் தவறுகள் இங்கேதான்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரப்பூர்வமான ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. அந்தந்த நாட்டின் வானூர்தித் தகவல் வெளியீட்டில் அது பாகை, கலை, விகலையில் இருக்கும் (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை). ஹீத்ரோவுக்கு வடக்கு 51° 28′ 39″, மேற்கு 0° 27′ 41″. ஹனேடாவுக்கு வடக்கு 35° 33′ 12″, கிழக்கு 139° 46′ 52″.

இதைத் தசம பாகையாக மாற்ற வேண்டும். கலையை 60-ஆல் வகுங்கள், விகலையை 3600-ஆல் வகுங்கள், இரண்டையும் பாகையோடு கூட்டுங்கள்.

51 + 28÷60 + 39÷3600 = 51.4775
0 + 27÷60 + 41÷3600 = 0.4614
35 + 33÷60 + 12÷3600 = 35.5533
139 + 46÷60 + 52÷3600 = 139.7811

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, 51° 28′ 39″ என்பதை அப்படியே 51.2839 என்று எழுதிவிடுவது. பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் 51.4775-க்கும் 51.2839-க்கும் இடையே 0.1936 பாகை. அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கி.மீ. என்பதால், உங்கள் ஹீத்ரோ தெற்கே 21 கி.மீ.க்கு மேல் நகர்ந்துவிட்டது. புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்கள் எல்லா ஊருக்கும் 60-க்குக் கீழேயே இருந்தால், பட்டியலைத் தயாரித்தவர் கலையைத் தசமமாக எழுதிவிட்டார் என்று சந்தேகப்படலாம்.

எத்தனை தசம இடம் வேண்டும்? நான்கு போதும். நான்காவது இடத்தில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் 11 மீட்டர்தான் மாறும். ஓடுபாதையே மூன்று, நான்கு கிலோமீட்டர் நீளம், ஆகவே எட்டு இலக்கம் எழுதுவதில் எந்த லாபமும் இல்லை.

அடுத்தது குறி. வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல். ஹீத்ரோவின் தீர்க்கரேகை −0.4614. லண்டன் பூஜ்யத்தை ஒட்டியே இருப்பதால் இங்கே குறியை விட்டாலும் விடை பெரிதாக மாறாது. அதுவே ஆபத்து, ஏனென்றால் தவறு கண்ணில் படாமல் அடுத்த கணக்குக்கும் போய்விடும். சிங்கப்பூர்–நியூயார்க் கணக்கில் கென்னடி நிலையத்தின் −73.7789-ஐ 73.7789 என்று போட்டுப் பாருங்கள். 15,340 கி.மீ. அளவில் வர வேண்டிய விடை 5,320 என்று வரும். அந்தப் புள்ளி கிர்கிஸ்தான் மலைகளுக்குள் போய் விழுந்திருக்கும்.

கணக்கு

பெருவட்டம் என்பது பூமியின் மையத்தின் வழியாக வெட்டினால் மேற்பரப்பில் விழும் வட்டம். இரண்டு ஊர்களையும் மையத்தையும் சேர்த்து வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் சிறிய வில்தான் நமக்கு வேண்டிய பாதை. அந்த வில் மையத்தில் எத்தனை பாகை கோணத்தைத் தாங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் மீதி வெறும் பெருக்கல்.

கோணத்தின் கொசைன் = சைன்(அட்சம் 1) × சைன்(அட்சம் 2) + கொசைன்(அட்சம் 1) × கொசைன்(அட்சம் 2) × கொசைன்(தீர்க்க வித்தியாசம்)

ஹீத்ரோ–ஹனேடாவுக்கு எண்களை இட்டுப் பார்ப்போம்.

தீர்க்க வித்தியாசம்: 139.7811 − (−0.4614) = 140.2425 பாகை.
சைன் 51.4775 = 0.78236, கொசைன் 51.4775 = 0.62282.
சைன் 35.5533 = 0.58146, கொசைன் 35.5533 = 0.81357.
கொசைன் 140.2425 = −0.76876.

முதல் பெருக்கல்: 0.78236 × 0.58146 = 0.45491.
இரண்டாவது: 0.62282 × 0.81357 × (−0.76876) = −0.38954.
கூட்டினால் 0.06537. இதன் நேர்மாறு கொசைன் 86.25 பாகை.

பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று எடுத்தால் ஒரு பாகை வில் 111.195 கி.மீ. ஆக 86.25 × 111.195 = ஏறத்தாழ 9,591 கி.மீ.

கடல் மைலில் வேண்டுமென்றால் இன்னும் எளிது. பெருவட்டத்தில் ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்பதே அந்த அலகின் பிறப்பு. 86.25 × 60 = 5,175 கடல் மைல். இதை 1.852-ஆல் பெருக்கினால் 9,584 கி.மீ. வரும். மேலே உள்ள விடையோடு ஏழு கிலோமீட்டர் உதைக்கிறதே என்று தேட வேண்டாம். 1.852 என்பது வரையறுத்து நிலைநிறுத்திய எண், சராசரி ஆரத்திலிருந்து வந்ததல்ல. அதனால் எழும் வித்தியாசம் இது, உங்கள் கணக்கில் பிழை இல்லை.

இரண்டு புள்ளிகள் மிக அருகருகே இருந்தால் இந்தச் சூத்திரம் தடுமாறும். கொசைன் 1-ஐ ஒட்டிப் போய், இலக்கங்கள் போதாமல் விடை நடுங்கும். அப்போது ஹேவர்சைன் முறையைப் பயன்படுத்துங்கள்:

க = சைன்²(அட்ச வித்தியாசம் ÷ 2) + கொசைன்(அட்சம் 1) × கொசைன்(அட்சம் 2) × சைன்²(தீர்க்க வித்தியாசம் ÷ 2)
தூரம் = 2 × 6371 × நேர்மாறு சைன்(√க)

இதில் நேர்மாறு சைனின் விடை ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு, 180 பாகைக்கு 3.1416 ரேடியன்) இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் க = 0.46731, தூரம் அதே 9,591. தொலைதூர நகரங்களுக்கு இரண்டு முறையும் ஒன்றுதான். நிரலில் எழுதுவதானால் ஹேவர்சைனையே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்லப்போகும் பறந்த பாதைக் கணக்குக்கும் அது உதவும்.

எக்செல்லில் போடும்போது

எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் சைன், கொசைன் சார்புகள் ரேடியனை மட்டுமே புரிந்துகொள்ளும். 51.4775-ஐ நேரடியாகக் கொடுத்தால் அதை 51 ரேடியன் என்று எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு எண்ணைத் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே நான்கு எண்களையும் முதலில் ரேடியன்ஸ் சார்புக்குள் போட்டுத் தனி நெடுவரிசையில் வைத்துக்கொண்டு, சூத்திரம் முழுவதையும் அந்த நெடுவரிசையிலிருந்தே எழுதுங்கள். கடைசியில் நேர்மாறு கொசைன் தருவதும் ரேடியன்தான், அதை நேரடியாக 6371-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வந்துவிடும். மறுபடி பாகைக்கு மாற்றிவிட்டு 6371-ஆல் பெருக்கினால் லட்சக்கணக்கில் வரும்.

கையடக்கக் கால்குலேட்டரில் நிலைமை நேர் எதிர். திரையில் பாகை முறை இருக்கிறதா என்று பாருங்கள். சைன் 30 அழுத்தினால் 0.5 வர வேண்டும். வரவில்லையென்றால் முறையை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

நிரலிலிருந்து எக்செல்லுக்கு ஹேவர்சைனை மாற்றுகிறவர்களுக்கு இன்னொரு பொறி. இரட்டை உள்ளீடு வாங்கும் நேர்மாறு டேன்ஜென்ட் சார்பில், பெரும்பாலான நிரல் மொழிகள் செங்குத்து மதிப்பை முதலில் கேட்கும், எக்செல் கிடைமட்ட மதிப்பை முதலில் கேட்கும். வரிசையை மாற்றாமல் ஒட்டினால் தூரம் தவறாக வரும்.

விடை வந்ததும் ஒரு சோதனை: பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 20,000 கி.மீ.க்குச் சற்று மேல்தான் இருக்க முடியும். அதைத் தாண்டினால் எங்கோ தவறு.

பூமி சரியான உருண்டை இல்லையே?

இல்லைதான். நடுவரை ஆரம் 6,378.137 கி.மீ., துருவ ஆரம் 6,356.752 கி.மீ. உருண்டையாக எடுத்துக்கொள்வதால் வரும் பிழை அதிகபட்சம் அரை சதவீதம் அளவுக்குப் போகலாம், நீண்ட பாதைகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. சிங்கப்பூர் சாங்கி–கென்னடி நிலையத்துக்கு உருண்டைக் கணக்கு 15,341 கி.மீ. தருகிறது, துருவங்களில் சற்றே தட்டையான பூமியின் உண்மை வடிவத்தை வைத்துப் போட்டால் 15,350-ஐ ஒட்டி வரும். பத்து கிலோமீட்டர்கூட இல்லை.

அந்தப் பத்தும் வேண்டுமென்றால் வின்சென்டி 1975-ல் வெளியிட்ட முறை இருக்கிறது. ஆனால் உலகின் ஏறக்குறைய நேர் எதிரெதிர்ப் புள்ளிகளில் உள்ள இடங்களுக்கு அது விடையில் நிலைபெறாமல் சுற்றிக்கொண்டே இருக்கலாம். மாட்ரிட்–வெலிங்டன் அந்த நிலையை நெருங்கும் ஜோடி. வெலிங்டனுக்கு நேர் எதிர்ப்புள்ளி ஸ்பெயினுக்குள்ளேயே விழுகிறது, இரண்டுக்கும் இடையே 19,850 கி.மீ. அளவு. இத்தகைய ஜோடிகளுக்கு கார்னி 2013-ல் வெளியிட்ட முறையைப் பயன்படுத்தும் மென்பொருள் நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அது எந்த ஜோடிக்கும் திணறாது.

விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் வட்டம் பெரிதாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும். 6371-ல் 11 என்பது 0.17 சதவீதம், லண்டன்–டோக்கியோவுக்கு 16, 17 கி.மீ. காற்றுக்காகப் பாதையை வளைப்பதில் இதைப் போலப் பல மடங்கு கரைந்துவிடும்.

சுவர் வரைபடத்தை நம்பாதீர்கள்

உலக வரைபடத்தில் லண்டனையும் டோக்கியோவையும் அளவுகோலால் இணைத்தால், கோடு கிழக்கே போய்ச் சற்றே தெற்கே இறங்கும். மெர்கேட்டர் வரைபடத்தில் அந்தக் கோடு மாறாத திசையில் போகும் பாதை. அதன் நீளம் ஏறத்தாழ 11,345 கி.மீ., பெருவட்டத்தைவிட 1,750 கி.மீ. அதிகம். பெருவட்டப் பாதையோ ஹீத்ரோவிலிருந்து வடகிழக்காக, வடக்கிலிருந்து 31 பாகை திரும்பிக் கிளம்பி, 71-வது வட அட்சரேகை வரை ஏறி, பிறகுதான் டோக்கியோவை நோக்கி இறங்குகிறது. டோக்கியோ லண்டனுக்குத் தெற்கே இருக்கும் ஊர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதை எண்ணில்லாமல் கண்ணால் பார்க்க உருண்டை வடிவ பூகோளமும் ஒரு நூலும் போதும். நூலின் ஒரு முனையை முதல் ஊரில் விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை இரண்டாவது ஊர் வழியாக இறுக்கி இழுங்கள். நூல் தானாகவே நழுவிக் குறுகிய பாதையில் போய் நிற்கும். தளர்வாகப் பிடித்தால் நழுவாது, விடை கூடிவிடும். 30 செ.மீ. விட்டமுள்ள பூகோளத்தின் சுற்றளவு 94.2 செ.மீ., அதனால் நூலில் ஒரு செ.மீ. என்பது 425 கி.மீ. சிங்கப்பூர்–நியூயார்க் நூல் 36 செ.மீ. வரும், வட துருவத்திலிருந்து ஒரு செ.மீ. கூடத் தள்ளாமல் போகும். கணக்கிலும் அப்படித்தான்: அந்தப் பெருவட்டம் துருவத்திலிருந்து 280 கி.மீ. தொலைவில் கடக்கிறது. கூகுள் எர்த்தின் அளவுகோல் கருவியும் பெருவட்டத்தைத்தான் வரையும், போட்ட கணக்கைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்தலாம்.

உண்மையில் பறக்கும் தூரம்

பெருவட்டத்தில் அச்சுப் பிசகாமல் போகும் விமானம் கிடையாது. புறப்படும் ஓடுபாதை எதிர்த்திசையில் இருக்கலாம், இறங்கும் முன் வரிசையில் வளைய வேண்டியிருக்கலாம். இவை சில பத்து கிலோமீட்டர்கள். பெரிய விலகலுக்குக் காரணங்கள் வேறு.

முதலாவது காற்று. மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஓட்டம் குளிர்காலத்தில் மணிக்கு 200, 300 கி.மீ. வேகத்தைத் தொடும். அதில் ஏறிக்கொள்ள நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் துருவத்தை விட்டுவிட்டுப் பசிபிக் வழியாகப் போவதற்கும், திரும்பும்போது அட்லான்டிக், ஐரோப்பா வழியாக வருவதற்கும் இதுவே காரணம். வட அட்லான்டிக்கில் அன்றைய காற்றைப் பார்த்து அன்றன்றைக்கே தடங்களை வகுக்கிறார்கள், நேற்றைய பாதை இன்றைக்கு இருக்காது.

இரண்டாவது, மூடிய வான்வெளி. 2022 பிப்ரவரியில் தொடங்கிய உக்ரைன் போருக்குப் பிறகு பெரும்பாலான ஐரோப்பிய நிறுவனங்களும் ஜப்பானிய நிறுவனங்களும் ரஷ்யாவுக்கு மேல் பறப்பதில்லை. ஹெல்சிங்கி–டோக்கியோ பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கி.மீ. முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த பயணம் இப்போது 13 மணி நேரம் அளவுக்கு நீண்டுவிட்டது. ஊர்கள் நகரவில்லை, பாதை நகர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட ஜோடிகளுக்குச் சதவீதக் கணக்கு எதுவும் உதவாது, பாதையை நேரில் அளக்க வேண்டும்.

மூன்றாவது, பத்திரமாக இறங்க இடம். இரட்டை எஞ்சின் விமானம் ஒரு எஞ்சினை இழந்தால், அதற்கு அனுமதித்த நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்ட வேண்டும். தென் பெருங்கடல்களில் பாதை வளைவதற்கு இது ஒரு காரணம். திபெத் பீடபூமியைத் தவிர்ப்பதும் இதே அக்கறையால்தான்: அறையழுத்தம் போனால் 10,000 அடிக்கு இறங்க வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரம்.

இந்தச் சிக்கல் இல்லாத சாதாரண வழித்தடங்களுக்குப் பெருவட்டத் தூரத்தோடு 3 முதல் 6 சதவீதம் கூட்டிக்கொண்டால் பெரும்பாலும் பொருந்தும்.

துல்லியமாக வேண்டுமானால் ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்றவற்றில் பறந்த பாதையின் புள்ளிகள் கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஹேவர்சைன் போட்டு எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டும் முன் இரண்டு வேலை. தரையில் ஊர்ந்த புள்ளிகளை நீக்குங்கள்: உயரம் பூஜ்யமாக இருப்பவை. நின்ற இடத்திலேயே புள்ளி சில மீட்டர் அங்குமிங்கும் ஆடும், அதுவும் தூரமாகச் சேர்ந்துவிடும். அடுத்து, பெருங்கடலுக்கும் துருவப் பகுதிக்கும் மேலே இடைவெளி இருக்கிறதா என்று நேர நெடுவரிசையைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் புள்ளியே இல்லையென்றால், அந்தத் துண்டைப் பெருவட்டமாக எடுத்துக்கொண்டு கூட்டுகிறீர்கள், உண்மை அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்தத் துண்டின் தூரத்தை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் மணிக்கு 900 கி.மீ. வேகம் காட்டிய விமானம் இடைவெளியில் மட்டும் 780 என்று காட்டினால், அங்கே அது வளைந்து போயிருக்கிறது. ஒரே ஒரு நாளின் பாதையை எடுத்து இதுதான் தூரம் என்று எழுதிவிடாதீர்கள், இரு திசையிலும் சில நாள்களின் பாதைகளைப் பாருங்கள்.

நேரத்திலிருந்து தூரம்

அட்டவணை மட்டும் கையில் இருந்தால் பின்னோக்கியும் போகலாம், துல்லியம் குறைவுதான். முதலில் இரண்டு நேரங்களையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றுங்கள். லண்டனில் குளிர்காலத்தில் காலை 9.30-க்குக் கிளம்பி மறுநாள் டோக்கியோ நேரம் காலை 7.30-க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். டோக்கியோ ஒன்பது மணி நேரம் முன்னே, ஆகவே இறங்கியது பொது நேரப்படி முந்தைய இரவு 10.30. பயணம் 13 மணி. கோடையில் லண்டன் கடிகாரம் ஒரு மணி முன்னே போகும், டோக்கியோவில் அந்த வழக்கம் இல்லை. இதை மறந்தால் 900 கி.மீ. தவறு.

அட்டவணை நேரம் என்பது வாயிலிலிருந்து வாயில் வரை. தரையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது ஆகியவற்றுக்காக 30 முதல் 40 நிமிடம் கழித்துவிட்டு, மீதியை மணிக்கு 900 கி.மீ. என்று பெருக்குங்கள். இரு திசைக்கும் தனித்தனியே போட்டுச் சராசரி எடுத்தால் காற்றின் பாதிப்பு பெருமளவு போய்விடும். முழுவதும் போகாது. நியூயார்க்–லண்டன் 5,540 கி.மீ.; காற்று மணிக்கு 100 கி.மீ. என்றால் உதவும் திசையில் 5.54 மணி, எதிர்த்திசையில் 6.93 மணி, சராசரி 6.23. காற்றே இல்லையென்றால் 6.16 மணிதான். எதிர்க்காற்றில் அதிக நேரம் சிக்கிக்கொள்வதால் சராசரி எப்போதும் சற்றுத் தூக்கியே காட்டும்.

ஒருநாள் சாதனையை வைத்துத் தூரம் கணக்கிடவே கூடாது. 2020 பிப்ரவரியில் சியாரா புயலின் காற்றில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

விதிப்படியான தூரம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி தாமத இழப்பீட்டை 1,500, 3,500 கி.மீ. என்ற எல்லைகளால் பிரிக்கிறது, அளப்பது பெருவட்டத்தால். வழியில் விமானம் மாறினாலும் தொடங்கிய நிலையத்திலிருந்து கடைசி நிலையத்துக்கு நேரடித் தூரம்தான் கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. பறந்த கிலோமீட்டரைக் கூட்டி விண்ணப்பித்தால் எல்லையில் இருக்கும் பயணங்களுக்கு விடை மாறிப்போகும்.

கரிமக் கணக்கில் ஒவ்வோர் அமைப்பும் ஒவ்வொரு கூட்டல் வைத்திருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணிப்பு முறையில் 550 கி.மீ.க்குக் கீழே 50, 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கி.மீ. சேர்க்கிறார்கள். ஐரோப்பிய உமிழ்வு வணிகத் திட்டத்தில் எல்லாப் பயணத்துக்கும் 95 கி.மீ. பிரிட்டன் அரசின் உமிழ்வுக் காரணிகளில் 8 சதவீதம். இவற்றைப் பயன்படுத்தும்போது, காரணியிலேயே கூட்டல் அடங்கியிருக்கிறதா, நாம் தனியே சேர்க்க வேண்டுமா என்று படித்துப் பாருங்கள். இரண்டு முறை சேர்த்துவிடுவதுதான் இங்கே நடக்கும் வழக்கமான தவறு.

டிக்கெட் மைல் என்பது தரை மைல், 1.609 கி.மீ. கடல் மைலை அதோடு குழப்பினால் 15 சதவீதம் உதைக்கும். சுற்றுவழிப் பயணங்களுக்கு விமான நிறுவனங்கள் அதிகபட்ச அனுமதி மைல் என்று ஒன்று வைத்திருக்கின்றன, பொதுவாக நேரடி மைலைவிட 20 சதவீதம் அதிகம். அதைத் தாண்டினால் கட்டணம் படிப்படியாக ஏறும்.

விமானம் மாறிப் போனால்

ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகப் பெருவட்டம் போட்டுக் கூட்டுங்கள், பிறகு நேரடித் தூரத்தோடு ஒப்பிடுங்கள். லண்டன்–சிட்னி நேரடியாகச் சுமார் 17,020 கி.மீ. சிங்கப்பூர் வழியாக 10,885-ம் 6,290-ம் சேர்த்து 17,175. ஒரு சதவீதம்கூடக் கூடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் வழியாக 8,780-ம் 12,050-ம் சேர்ந்து 20,830; 22 சதவீதம் அதிகம். வரைபடத்தில் பார்த்தால் சிங்கப்பூர் இவ்வளவு நேர்வழியில் இருப்பது தெரியவே தெரியாது.

கண்டுபிடித்த எண்ணை எழுதி வைக்கும்போது நிலையம், வகை, அலகு மூன்றும் கூடவே இருக்கட்டும்: “ஹீத்ரோ–ஹனேடா, பெருவட்டம், ஆரம் 6,371 கி.மீ., விடை 9,591 கி.மீ.” பறந்த தூரமானால் தேதியும் திசையும் சேருங்கள்.